உட்கார வைக்கிற வேலை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

சிறுமி. ஒன்பது வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வழுக்காமல் இருக்க வயிற்றோடு துண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அவள் அம்மா. நாற்காலிக்குப் பின்னால் நின்று மகளின் தோளைப் பிடித்திருந்தார்.

அவள் அப்பா. காட்டு வேலையிலிருந்து வந்த மண் காலோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா. வேடிக்கை பார்க்க வந்தவர்.

எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். காப்பிப் பழம் பறிக்க ஆள் பேச வந்தவர். பேசி முடித்தும் போகவில்லை.

மேடம். சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்.

நான். சக்கர நாற்காலியை ஜீப்பிலிருந்து இறக்கித் தூக்கி வந்தவன்.

ஊர் தலைச்சோலை. மழை விட்டிருந்தது.

நான் ஏற்காடு பஜாரில் சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். அத்தா வைத்த கடை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் கத்தரிக்கோல்தான். ஜீப் சீட், பஸ் சீட், லாட்ஜ் சோபா. ஃபோம் வெட்டுவேன், ரெக்சின் தைப்பேன். இந்த வேலைக்கு நானாகப் போகவில்லை. மேடம்தான் கடைக்கு வந்தார்.

மேடம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அந்தப் பேரைச் சரியாகச் சொல்ல எனக்கு நாளானது. நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் சரியாக உட்கார வைப்பது அவர் வேலை. மலையில் அவருக்குச் சேர் டாக்டரம்மா என்று பேர். "நான் டாக்டர் இல்லீங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்வார். யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

முதல் தடவை வந்தபோது கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ஃபோம் துண்டு, ஒரு படம். இந்த அளவில் ஒரு சீட் வேண்டும் என்றார். ஜீப்புக்குப் போடுவதுபோல நல்ல ரெக்சின் போட்டு, மத்தளத் தோல் மாதிரி இழுத்துத் தைத்து வைத்தேன். அழகாக இருந்தது. மேடம் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் கடைப் பலகையில் சீட்டை வைத்தார்.

"பாய், நீங்க உக்காருங்க. ரெண்டு கையையும் அடியில வெச்சு உக்காருங்க."

உட்கார்ந்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

"எலும்பு கையில குத்துதுங்களா?"

"குத்துது மேடம்."

"அப்படியே இருங்க."

கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் கையை உருவிக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரியுது, எடுத்துட்டீங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

நான் ரெக்சினைப் பிரித்தேன். அடியில் கெட்டி ஃபோம், மேலே மெத்து ஃபோம், அதற்கு மேல் இழுத்தால் நீள்கிற துணி. எலும்பு இறங்குகிற இடத்தில் குழி. தொடைக்கு மேடு. அப்படித்தான் பழகினேன்.

அதிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை மேடம் மலை ஏறி வருவார். பஜாரில் டீ குடித்துவிட்டு என் ஜீப்பில் கிளம்புவோம். கிளியூர், தலைச்சோலை, நடுவில் இருக்கிற எஸ்டேட் கூலிக்காரர்களின் லயன் வீடுகள். இலவச முகாமில் கொடுத்த சக்கர நாற்காலிகள் அங்கங்கே இருக்கும். எல்லாம் ஒரே அளவு. குச்சி மாதிரி இருக்கிற பிள்ளையும் அதில்தான், பெருத்த மனிதரும் அதில்தான். பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். மேடம் தரையில் உட்கார்ந்துவிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் தரைதான். முதலில் இடுப்பைப் பிடித்துப் பார்ப்பார். இடுப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் கழுத்து சாயும், கழுத்து சாய்ந்தால் சோறு தொண்டையில் இறங்காது. அதனால் இடுப்பு முதலில். அளவு சொல்லச் சொல்ல நான் ஃபோமில் சாக்பீஸால் குறித்துக்கொள்வேன்.

கிளியூரில் ஒருவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிக்கையில் விழுந்தவர். சீட் போட்டுக் கொடுத்த அன்று, "ஏனுங்க பாய், ஜீப்புக்கெல்லாம் ஸ்பீக்கர் வெச்சுக் குடுக்கறீங்க, எனக்கும் ஒண்ணு மாட்டி உடுங்க" என்றார். அவர் மனைவி, "வாய் ஒண்ணு போதாதுங்களாக்கும்" என்றார். மேடம் அளவு டேப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்த மாதிரி நாட்களும் இருந்தன.

தலைச்சோலைச் சிறுமி பிறக்கும்போதே முதுகுத்தண்டில் கோளாறோடு பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கையில் சேலத்தில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, உணர்ச்சியும் இல்லை. மேலே எல்லாம் சரி. வாய் கொஞ்சம் அதிகமாகவே சரி. அவள் உட்காருவதென்றால் ஒரு கையை ஊன்றியே ஆக வேண்டும். கையை எடுத்தால் சரிந்துவிடுவாள். அதனால் அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. முதுகு இடது பக்கம் வளைய ஆரம்பித்திருந்தது. மேடம் அதைத்தான் பிடித்து நிறுத்தப் பார்த்தார்.

அன்று நாங்கள் கொண்டுபோனது அவள் அளவுக்கு வெட்டிய சீட். இடுப்புக்கு இரண்டு பக்கமும் அணை. விலாவுக்கு ஒரு தாங்கல். அப்பா அவளைத் தூக்கி அதில் வைத்தார். மேடம் இடுப்பைப் பிடித்து நேராக்கி வாரைப் போட்டார்.

"கையை எடு கண்ணு."

"உழுந்துருவேன்."

"எடுத்துப் பாரு."

எடுத்தாள். விழவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சீப்பு கேட்டாள். தலையைக் குனிந்து தானே பின்ன ஆரம்பித்தாள். பின்னல் கோணலாக வந்தது.

"இதென்ன சாமி, ஆட்டு வால் மாதிரி?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"உங்க கொண்டையை விட இது தேவலைங்க" என்றாள் சிறுமி.

அக்காவே சிரித்துவிட்டார். அம்மா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ரைட்டர் வாசலில் இருந்து சொன்னார். "அப்ப இந்த வருசம் நீங்களும் பழம் எடுக்க வரலாமுங்களே. இத்தனை வருசமா புள்ளையைக் காரணம் சொன்னீங்க."

அம்மா மேடத்தைப் பார்த்தார்.

மேடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தொடர்ந்து உட்காரக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் இறக்கிப் படுக்க வைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் பின்பக்கத் தோலைப் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் போன் செய்ய வேண்டும். செய்தும் காட்டினார். அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். அப்பாவும் "சரிங்க" என்றார். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது செய்யக்கூடிய காரியமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் போனோம். தோல் நன்றாக இருந்தது. சிறுமி நாற்காலியிலேயே பள்ளிக்கூடம் போய்வருகிறாள் என்றார்கள். பள்ளிக்கூடம் மேட்டில் இல்லை, ரோட்டோரம். அம்மா தள்ளிக்கொண்டு போய் விடுவார். மதியம் வந்து படுக்க வைத்து மறுபடி கொண்டு விடுவார். முதுகு முன்னைவிட நேராக இருந்தது. மேடம் திரும்பும்போது ஜீப்பில் எதையோ முணுமுணுத்துப் பாடினார். அதற்கு முன்பும் பின்பும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

அப்புறம் பழம் சிவந்தது.

காப்பிப் பழம் பழுத்தால் நிற்காது. ஒரு மழை அடித்தால் கொட்டிவிடும். எஸ்டேட்டில் விடிந்ததும் பேர் கூப்பிடுவார்கள். எடுத்த பழத்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பொழுது சாயும். நடுவில் வீட்டுக்கு வந்துபோக முடியாது. இத்தனை வருடம் அம்மா போகவில்லை, அப்பா மட்டும் போனார். இந்த வருடம் இரண்டு பேரும் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு அரையாண்டு லீவு வேறு.

சிறுமிக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சொந்தக் காப்பிச் செடி கொஞ்சம் உண்டு. அந்தப் பழத்தை வீட்டு முன்னால் களத்தில் காயப் போடுவார்கள். கோழி கிளறும். குரங்கு வந்தால் வாரி இறைத்துவிடும். யாராவது காவல் இருக்க வேண்டும். விடியும் முன்னே சிறுமியைச் சேரில் வைத்து, களத்து ஓரம் தள்ளி நிறுத்தி, கையில் நீளமான மூங்கில் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் சோற்றுத் தூக்கு, தண்ணீர்.

அந்த நாட்களில் ஒருதரம் நான் அந்த ரோட்டில் போனேன். லாட்ஜுக்கு மெத்தை இறக்கிவிட்டு வந்த வழி. ஜீப்பை நிறுத்திக் கூப்பிட்டேன்.

"ஏன் கண்ணு, குரங்கு வந்துச்சா?"

"வந்துச்சுங்க பாய். மூணு. ஒண்ணு என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுச்சு. நானும் காட்டுனேன். ஓடிப்போச்சு."

"பயமா இல்லையா?"

"அதுக்குத்தான் பயம். என்ற கையில குச்சி இருக்குதில்ல."

குச்சியைத் தூக்கி ஆட்டினாள். வெயில் இருந்தது. நன்றாக இருந்தாள். நான் ஜீப்பை எடுத்தேன்.

அந்த மாதம் மேடம் வரவில்லை. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றிருந்தது. போனில் கேட்டதற்கு அப்பா சொன்னாராம்: "பாப்பா சேர்ல நொம்ப நல்லா உக்காந்துக்குதுங்க. இறக்கச் சொன்னாலும் இறங்க மாட்டேங்குது."

பொங்கல் கழித்துத்தான் போனோம். வீட்டுக்குள் நுழைந்ததும் மேடம் நின்றார். எனக்கும் மூக்கில் பட்டது. காய்கிற காப்பிப் பழம் புளித்த வாடை அடிக்கும், அது தெரியும். இது வேறு.

"பாப்பாவைப் படுக்க வைங்க" என்றார்.

குப்புறப் படுக்க வைத்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். உள்ளே அம்மா ஒரு சத்தம் போட்டார்.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சேரைப் பார்க்கச் சொன்னார். நான் வெட்டிய சீட்டின் மேல் காப்பிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். சணல் சாக்கு. மேடம் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்பாவே சொன்னார்.

"புதுத் துணிங்க. களத்து மண்ணுல அழுக்காயிருமேன்னு போட்டமுங்க. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது."

குச்சி வலது கையில். எட்டி எட்டி விரட்டியதில் நாளெல்லாம் வலது பக்கம் சாய்ந்தே இருந்திருக்கிறாள். பாரம் முழுக்க வலது பக்கத்து எலும்பில். எலும்புக்கும் ஃபோமுக்கும் நடுவில் சாக்கு. அவளுக்குத் தெரியாது. தெரிய வழி இல்லை.

"தோலைப் பாத்தீங்களாங்க ராத்திரியில?" என்று மேடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"பாத்தனுங்க. முதல்ல பாத்தனுங்க" என்றார் அம்மா. "பழம் எடுக்கப் போனதுக்கப்புறம் இருட்டுல வாரமுங்க. சோத்தைப் பொங்கிப் போட்டுட்டு அப்படியே சாஞ்சிருவனுங்க. அவ வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

சிறுமி குப்புறக் கிடந்தபடி கழுத்தைத் திருப்பினாள். "என்னாச்சும்மா? எங்க புண்ணு? பெருசா?"

மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மொபைலில் படம் எடுத்துக் காட்டினார். சிறுமி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என்னுதா?" என்றாள்.

"உன்னுதுதான் கண்ணு."

"எனக்கு வலிக்கவே இல்லையே."

அன்றைக்கே என் ஜீப்பில் சேலம் கூட்டிப்போனோம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஃபோம் போட்டுக் குப்புறப் படுக்க வைத்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கைப்புண் என்று எழுதினார்கள். அவள் படுத்திருக்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தாள்.

சீழை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். எலும்பு வரைக்கும் போகவில்லை என்றார்கள். ஆனால் உட்காரக் கூடாது. புண் மூடும் வரைக்கும் உட்காரவே கூடாது. குப்புற, இல்லையென்றால் இடது பக்கம் ஒருக்களித்து. எவ்வளவு நாள் என்று அப்பா கேட்டார். டாக்டர் சொல்ல முடியாது என்றார். மேடத்தைக் கேட்டார். மேடமும் சொல்ல முடியாது என்றார்.

சிறுமி வார்டில் என்னைக் கேட்டாள். "சேரை எடுத்துட்டுப் போயிருவீங்களா பாய்?"

"இல்ல சாமி. அது உன்னுது."

"அப்ப ஒண்ணு செய்ங்க. புண்ணு இருக்கிற இடத்துல சீட்டுல ஓட்டை போட்டுருங்க. புண்ணு எதுலயும் படாதில்ல. நான் உக்காந்துக்குவேன்."

எனக்கும் அந்த எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேடத்தைப் பார்த்தேன். மேடம் தலையை ஆட்டினார், இல்லை என்று. ஓட்டை போட்டால் அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தும், ரத்தம் போகாது, புண் இன்னும் பெரிதாகும் என்றார். சிறுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைக்கு வந்ததும் நான் ஒன்று வெட்டிப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பைச் சரித்து, மெத்து ஃபோம் வைத்து, சுற்றிலும் இளக்கி. நானே உட்கார்ந்து பார்த்தேன். மேடம் சொன்னது சரிதான். விளிம்பு தெரிந்தது. எப்படி வெட்டினாலும் தெரிந்தது. அந்த ஃபோமைத் துண்டு போட்டு ஒரு ஜீப்புக்குத் தலை சாய்க்கிற மெத்தை ஆக்கினேன்.

மேடம் தன்னைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அல்ல. சேலம் போகிற கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது துண்டு துண்டாக ஏதாவது சொல்வார். அவரோடு படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். இவர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைந்து வாயில் வைக்கப் பழக்குகிற வேலை. அங்கே ஒரு பையனை முகாம் சேரில் உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பினார்களாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத பையன். புண்ணோடு திரும்பி வந்தான். அவனைப் பார்த்ததிலிருந்துதான் சேர் வேலை. அவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

சிறுமியை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அடுத்த தடவை மலைக்கு வந்தபோது, பஸ் நிற்கிற இடத்தில் சொன்னார்.

"நான் சரியாச் சொல்லலையோ பாய்?"

"சொன்னீங்க மேடம். நானும் அங்கதான் இருந்தேன்."

"அந்தம்மா என்ன பண்ணியிருக்கணும்? பழம் எடுக்கப் போகாம இருந்திருக்கணும். அதை நான் சொல்ல முடியுமா?"

நான் அவர் துணிப்பையை எடுத்துக் கொடுத்தேன்.

"சீட்டு சரியா இல்லேன்னா அந்தப் பொண்ணு சாஞ்சிருப்பா. அரை மணி நேரத்துல இறக்கியிருப்பாங்க. சீட்டு சரியா இருந்துச்சு பாய். அதான்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சிறுமியை மலைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முன் அறையில், கதவுக்கு நேராகப் பாய் விரித்து, அதன் மேல் நான் கொடுத்த ஃபோம். குப்புறப் படுத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மோவாய்க்குக் கீழே ஒரு தலையணை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கட்டு மாற்றினார். அம்மா எங்கேயும் போகவில்லை. ரைட்டர் ஒருநாள் வந்தார். வாசல் வரைக்கும் வந்து, உள்ளே பார்த்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே, "பாத்துக்கங்க" என்றுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்து நடந்தது. வாத்தியார் ஒருதரம் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினால் கழுத்து வலிக்கும். எழுதுவதை விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் வருவார். "என்ன மகாராணி, இன்னமும் எந்திரிக்கலையா?" என்பார்.

"குரங்கு வந்தா நீங்களே பல்லைக் காட்டுங்க. அது ஓடிரும்" என்பாள் சிறுமி.

கொஞ்ச நாளில் அந்தப் பதிலும் நின்றது. அக்கா அவளைச் சீண்டிச் சீண்டிப் பார்ப்பார். ஒன்றும் வராது. அப்புறம் அவரும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

சித்திரை கழிந்து மலை உச்சிக் கோயிலில் திருவிழா. மலைக்காரர்கள் எல்லோரும் போவார்கள். வேலைக்கு வெளியூர் போனவர்களும் வந்துவிடுவார்கள். புண் பாதி மூடியிருந்தது. அப்பா மேடத்துக்குப் போன் செய்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு நாளுங்க மேடம். சேர்ல வெச்சுத் தள்ளிட்டுப் போயி, சாமியைக் காட்டிட்டு வந்தர்றமுங்க. பொறந்ததுல இருந்து ஒரு வருசம் உட்டதில்லீங்க."

மேடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா "சரிங்க" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"வேண்டாங்கறாங்க" என்றார்.

ஜீப்பில் படுக்க வைத்துக் கூட்டிப் போனோம். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினேன். பின் கதவைத் திறந்துவிட்டேன். குப்புறப் படுத்திருந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்களின் கால்தான். தேர் வருகிற சத்தம் கேட்டது. அம்மா அவள் தலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆட்களின் முதுகு மறைத்தது. அப்பா, "வழி உடுங்க, வழி உடுங்க" என்று கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. தேர் போய்விட்டது.

"பாத்தியா சாமி?" என்றார் அப்பா.

"பாத்தேன்" என்றாள்.

அவள் பார்க்கவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் பனி இறங்கி வீடெல்லாம் ஈரம். காய்ந்துகொண்டிருந்த புண் ஓரத்தில் மறுபடி பிளந்தது. மேடம் வந்து பார்த்தார். கட்டைப் பிரித்தார், பார்த்தார், கட்டினார். படுக்கையைக் காய வையுங்கள் என்றார். எங்கே காய வைப்பது? வெயில் இல்லை. நான் கடையிலிருந்து வேறு ஃபோம் கொண்டுவந்து மாற்றினேன். அதுவும் ஈரம் குடித்தது. மறுபடி மாற்றினேன்.

அந்த வருடமும் பழம் சிவந்தது. அம்மா போகவில்லை. களத்தில் கோழி கிளறியது. யாரும் விரட்டவில்லை.

ஒருவழியாகப் புண் மூடியது. ரோஜா நிறத்தில் மெல்லிய தோல். விரலால் தொட்டாலே கிழிந்துவிடும் போல இருந்தது. மேடம் அளவு எடுக்க வந்தார். சிறுமி வளர்ந்திருந்தாள். படுத்தபடியே வளர்ந்தவள். தொடை நீளம் கூடியிருந்தது, பழைய சீட் ஆகாது. மேடம் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைக் கையால் தடவிக்கொண்டே போனார். நடு முதுகில் கை நின்றது. வளைவு எனக்கே தெரிந்தது. முன்னே மேடம் கையால் தள்ளினால் நேராகும். இப்போது தள்ளிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார்.

வெளியே வந்து என்னிடம் சொன்னார். "இனி நேராக்க முடியாது பாய். அது வளைஞ்சிருக்கிற மாதிரியே தாங்கிக்கிற சீட்டு வெட்டணும்."

"ஆபரேஷன்?"

"கேட்டாச்சு. இந்தத் தோலை வெச்சுக்கிட்டு இப்ப முடியாதுங்கறாங்க. அப்புறம் பார்க்கலாங்கறாங்க."

கோணலாக ஒரு சீட் வெட்டினேன். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். இத்தனை வருடம் ஒரு நூல் கோணாமல் வெட்டத்தான் பழகியிருந்தேன். இதைக் கோணலாகவே சரியாக வெட்ட வேண்டும். மூன்று தடவை வெட்டினேன். மேலே மெத்துத் துணி போட்டேன். சாக்கு போடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதை மாட்டிய அன்று மேடம், நான், அப்பா, அம்மா. அக்கா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா மகளைத் தூக்கினார். மேடம் இரண்டு கையையும் சீட்டில் வைத்துக்கொண்டார். மேடத்தின் கை மேல் அவளை இறக்கினார்கள். மேடம் எலும்பைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையை மெல்ல உருவினார். வாரைப் போட்டார்.

சிறுமி கையை ஊன்றவில்லை. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. வாசலைப் பார்த்தாள். தரையிலிருந்து பார்த்த வாசல் அல்ல.

"மேடம், எவ்வளவு நேரமுங்க?"

"கொஞ்ச நேரம் கண்ணு."

"பொழுது சாயற வரைக்கும்?"

"இல்ல."

"ஒரு மணி நேரம்?"

"இல்ல சாமி."

"பள்ளிக்கூடத்துல ஒரு பீரியடுங்க. ஒரே ஒரு பீரியட். அதுக்காச்சும் உடுங்க."

அம்மா தரையைப் பார்த்தார். மேடம் சேரின் பிரேக்கைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ஒரு நாளைக்கு ஒரே தடவை. ஊட்டுல மட்டும்" என்றார். "இறக்கினதும் தோலைப் பார்க்கணும். சிவந்திருந்துச்சுன்னா மறுபடியும் படுக்கைதான்."

"எவ்வளவுன்னு சொல்லுங்க மேடம்."

மேடம் சொன்னார். அப்பா மொபைலை எடுத்து அலாரம் வைத்தார்.

பதினைந்து நிமிடம்.